எறிகிற வயதுப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு? வன்னி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளை இருக்கிற வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. ரிமோட் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அப்பாவின் செருப்பில் ஒன்று முற்றத்தில் கிடக்கும். சோற்றுக் கோப்பை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. குழப்படி என்று நாங்கள் ஏசுவோம். பிள்ளையைப் பொறுத்தவரை அது அந்த வயதின் படிப்பு.

கையில் வைத்ததை இறுக்கிப் பிடிக்கப் பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்குத் தெரியும். பிடித்ததை நினைத்த நேரத்தில் விடத் தெரிவது ஒரு வயதை நெருங்கும்போதுதான். விடப் பழகியதும் கீழே போட்டுப் பார்க்கும், விழுகிற சத்தத்தைக் கேட்கும், யாராவது எடுத்துத் தருகிறார்களா என்று முகத்தைப் பார்க்கும். ஒன்றரை வயது மட்டில் நின்றபடி பந்தை முன்னுக்கு எறியும். இரண்டு வயதில் கையைத் தோளுக்கு மேல் தூக்கி எறிய வரும், குறி மட்டும் வராது. வருகிற பந்தைப் பிடிப்பது இதற்கெல்லாம் பிறகு. பெரிய பந்தைக்கூட அநேகமான தடவை பிடிக்கிற நிலை நாலு வயதளவில்தான் வரும்.

ஆகவே "இந்தா, பிடி பாப்பம்" என்று இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பந்தை எறிவதை இப்போதே விட்டுவிடலாம். முகத்தில் பட்டு அழுவதுதான் மிச்சம். இந்த வயதுக்கு உரியது எறி, போய் எடு, திரும்ப எறி என்பது மட்டும். எதை எறிவது, எதற்குள் எறிவது என்று இரண்டையும் பெரியவர்கள்தான் தெரிவு செய்து கொடுக்க வேண்டும்.

இணையத்தில் காட்டுகிற விளையாட்டுகள் நடக்கிற வீடு வேறு மாதிரி. தரையில் கம்பளம், சாத்திய கதவு, சாமான் குறைந்த அறை. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கத்தில், வீட்டுத்திட்டத்தில் கட்டின வீட்டில் சீமெந்துத் தரை, விடிந்தால் பொழுதுபடும் வரை திறந்திருக்கிற முன்கதவு, விறாந்தை, அதிலிருந்து ஒரு படி இறங்கினால் முற்றம். முற்றத்துக்கு அங்கால் கிணறு, வேலிக்கரைப் பற்றை, படலை, வீதி. குசினிக்குள் விறகடுப்பு. பந்து பிள்ளையின் தலையில் பட்டால் ஒரு நிமிடம் அழுதுவிட்டு ஓயும். அதே பந்து உருண்டு வெளியே போனால் பிள்ளை கண்ணைப் பந்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். கட்டில்லாத கிணறும் தெரியாது, வருகிற மோட்டார் சைக்கிளும் தெரியாது. அதனால் ஒரு சாமானை எறியக் கொடுக்கலாமா என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இது எங்கே போய் நிற்கும் என்றுதான். மென்மையா, மலிவா, எவ்வளவு காலம் பாவிக்கலாம் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். வாய்க்குள் போகுமா என்பது மட்டும் முதல் கேள்விக்குச் சரிசமமாக நிற்கும்.

வாய்க்குள் போகிற அளவு

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பந்துக்கு அமெரிக்காவில் ஒரு சட்ட அளவு இருக்கிறது. 44.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓட்டைக்குள்ளால் போகிற பந்தை அந்த வயதுக்கென்று விற்க முடியாது. உருண்டையான சாமான் தொண்டையில் இறுகினால் காற்றுப் போக இடைவெளியே விடாது என்பது அதற்குக் காரணம். மேசைப்பந்தின் விட்டம் 40 மில்லிமீற்றர். அதாவது அண்ணன்மார் விளையாடுகிற அந்த வெள்ளைப் பந்து, பாரமில்லாதது, யாருக்கும் நோகாதது, இந்த அளவில் தோற்றுவிடும். மாபிள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் அளக்க ஒரு தீப்பெட்டி போதும். அதன் நீளப் பக்கம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். அதைவிடக் குறுகலான எதையும் எறியக் கொடுக்காதீர்கள். அக்கா கொக்கான் வெட்டுகிற கல்லும் இந்தக் கணக்கில்தான் வரும். அக்கா விளையாடும்போது தங்கச்சியும் பக்கத்தில் குந்துவாள், விளையாடி முடிந்தபின் ஐந்து கல்லும் இருக்கிறதா என்று யாரும் எண்ணுவதில்லை.

உருளுகிற பந்துகள்

கடையில் வாங்குவதென்றால் மூன்று வகை கிடைக்கும்: காற்றடைத்த பெரிய பிளாஸ்ரிக் பந்து, கைக்கடக்கமான றப்பர் பந்து, கிரிக்கெட் விளையாடுகிற ரெனிஸ் பந்து.

ரெனிஸ் பந்து அநேகமான வீடுகளில் ஏற்கெனவே கிடப்பதால் அதையே சின்னவனிடமும் கொடுத்துவிடுகிறார்கள். 56 முதல் 59 கிராம் வரை பாரம், 6.5 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டம், தொண்டைக்குள் போகாது. பிரச்சினை அதன் துள்ளலில் இருக்கிறது. புதுப் பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விழவிட்டால் 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும் என்பது விளையாட்டு விதி. விட்ட உயரத்தில் பாதிக்கு மேல். சீமெந்துத் தரையில் இரண்டு வயதுப் பிள்ளை தன் பலத்துக்கு ஓங்கி அடித்தால் பந்து நேரே அதன் நாடிக்குத்தான் வரும். சுவரில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பெரியவர்களுக்கே தெரியாது. நைந்து மயிர் உதிர்ந்த பந்து துள்ளாது என்பது சரி, ஆனால் உதிர்கிற மயிர் வாய்க்குள் போகும். சின்ன றப்பர் பந்துக்கும் இதே குற்றச்சாட்டுதான், துள்ளல் இன்னும் கூட. வளர்ந்த ஆண்கள் கிரிக்கெட் விளையாடுகிற தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது, அதை எந்த வயதுச் சின்னப் பிள்ளைக்கும் காட்டவே வேண்டாம்.

பெரிய பிளாஸ்ரிக் பந்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் எறிவதற்கு அல்ல, உருட்டுவதற்கு. ஒரு வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் கால்களை விரித்து எதிரெதிரே தரையில் இருந்துகொண்டு உருட்டி விளையாட அதைவிட நல்ல சாமான் இல்லை. இரண்டு கையாலும் தள்ள வேண்டும், வருவதைத் தடுக்க வேண்டும். பின்னாளில் பந்து பிடிப்பதற்கான பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையோ சுருட்டிய பாயோ வைத்துவிட்டு விளையாட வேண்டும். காற்றடைக்கிற மூடியைப் பிள்ளை பல்லால் இழுக்கும், அதை அடிக்கடி பார்க்க வேண்டும். மூடி கழன்றால் பந்தின் கதை முடிந்தது.

துணிப் பந்து

என் தெரிவு இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளையின் பழைய வெள்ளைச் சொக்ஸ் ஒரு சோடி எடுத்து, ஒன்றை நன்றாகச் சுருட்டி மற்றதற்குள் அடைத்து, வாயை மடித்து நூலால் நெருக்கமாகத் தைத்துவிட்டால் தோடம்பழ அளவில் ஒரு பந்து வரும். செலவு இல்லை. சீமெந்தில் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும், துள்ளாது, மிஞ்சினால் ஒரு சாண் உருளும். விறாந்தையிலிருந்து எறிந்தாலும் படலைக்குப் போகாது. ரீவியில் பட்டாலும் உடையாது, கைக்குழந்தையின் தொட்டிலுக்குள் விழுந்தாலும் பெரிய சேதம் வராது. பிள்ளையின் ஐந்து விரலுக்குள்ளும் அமுங்குவதால் பிடித்து ஓங்க வசதி. உருண்டையான வழுவழுப்பான பந்து இந்த வயதில் எறிவதற்கு முன்னரே கையை விட்டு நழுவுவதைக் கவனித்திருப்பீர்கள், துணி நழுவாது.

குறையும் உண்டு. சப்பினால் ஊறும், ஊறினால் மணக்கும். தொங்குகிற நீள நூல் பிள்ளையின் விரலில் சுற்றி இறுகக்கூடும், அதை ஒட்ட வெட்ட வேண்டும். தெறி, மணி, சரிகை எதுவும் வைத்துத் தைக்கக் கூடாது. அழகுக்கென்று கண்ணும் மூக்கும் வைத்துத் தைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். பேனையால்கூடக் கீறாமல் வெறுமனே விட்டுவிடுங்கள். உள்ளே கெட்டியாக இருக்கட்டும் என்று சொப்பிங் பையைச் சுருட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். தையல் விட்டால் அது வெளியே வந்து மூக்கையும் வாயையும் மூடும்.

ஒன்று செய்தால் போதாது. நாலைந்து செய்யுங்கள். ஒரேயொரு பந்து இருக்கிற விளையாட்டில் எறிகிற நேரத்தைவிட அதைத் தேடுகிற நேரம்தான் கூட, பிள்ளைக்குச் சலித்துவிடும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் பொறுக்குகிற வேலை அம்மாவின் தலையில் விழும்.

பேப்பரும் ஓலையும்

பழைய பேப்பரைக் கசக்கிப் பந்தாக்குவது மழை நாளுக்கு ஏற்றது. கசக்குகிற சத்தம்தான் பாதி விளையாட்டு, எறிவது மிச்சப் பாதி. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி அடிக்கிற காலத்தில், முற்றம் சேறாகி, ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது இது பெரிய உதவி. ஆனால் இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு மட்டும். அதற்குக் கீழே உள்ளது முதலில் கடித்துப் பார்க்கும், ஊறிய பேப்பர் அண்ணத்தில் ஒட்டும். பள்ளிக் கொப்பியின் தாளென்றால் நடுவில் உள்ள கம்பியை முதலில் கழற்ற வேண்டும். கலண்டர் தாள் கெட்டி, ஊறுவது மெதுவாகத்தான், ஆனால் கசங்கிய மூலை கண்ணில் குத்தும். விளையாடி முடிந்ததும் அடுப்பெரிக்க உதவும் என்பது பேப்பருக்கு நான் கொடுக்கிற ஒரு கூடுதல் புள்ளி.

ஓலைப் பந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சைத் தென்னோலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு நாலு பக்கமும் மடித்துப் பின்னுகிற அந்தச் சதுரப் பந்தை அப்பப்பாமார் பலருக்குக் கண்ணை மூடிக்கொண்டே செய்யத் தெரியும். சதுரமாக இருப்பதால் அதிகம் உருளாது, என் முதல் கேள்விக்கு நல்ல பதில். பாரமும் இல்லை. கையில் பிடிக்க விளிம்பும் மூலையும் இருக்கின்றன. செய்வதைப் பார்த்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் இருக்கிற அந்தக் கால் மணித்தியாலம் விளையாட்டைவிடப் பெறுமதியானது. பனை எங்கள் பக்கம் நிறையவே நிற்கிறது, அந்தக் குருத்தோலையிலும் பின்னலாம், பந்து உறுதியாக வரும். ஆனால் விளிம்பு தென்னோலையைவிடக் கூர். எதில் செய்தாலும் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், காய்ந்த ஓலை தோலைக் கீறும், உடைந்து துண்டாகும். ஆகவே ஓலைப் பந்து ஒருநாள் விளையாட்டு. இன்று பின்னி, இன்று எறிந்து, பின்னேரம் ஆட்டுக்குப் போட்டுவிட வேண்டும். முழு உள்ளங்கை அளவுக்குக் குறையாமல் பின்னச் சொல்லுங்கள். சின்னதாகப் பின்னிக் காட்டுவதில் அப்பப்பாமாருக்கு ஒரு பெருமை உண்டு.

பொதிகள்: உள்ளே என்ன அடைப்பது

துணிப் பையில் எதையாவது அடைத்துத் தைக்கிற சின்னப் பொதி விழுந்த இடத்தில் அப்படியே இருக்கும். எறிகிற சாமான்களுக்குள் இதைவிட அடங்கி நிற்பது வேறொன்றுமில்லை. கொஞ்சம் பாரம் இருப்பதால் பிள்ளைக்குத் தன் பலமும் தெரியும். எல்லாம் உள்ளே இருக்கிற சாமானைப் பொறுத்தது.

எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பது உமி. நெல் குத்துகிற மில்லில் கேட்டால் சாக்குக் கணக்கில் அள்ளித் தருவார்கள். எறிந்தால் சரக்கென்று ஒரு நல்ல சத்தமும் வரும். ஆனால் அதன் தூசு மெல்லிய துணிக்குள்ளால் வரும், தும்மலும் கடியும் தொடங்கும், கண்ணில் விழுந்தால் பிள்ளை கசக்கிக் கசக்கிப் புண்ணாக்கும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையின் வீட்டில் நினைக்கவே வேண்டாம். மணல் பாரம் கூட, தலையில் பட்டால் கல்லடிதான். பயறும் உழுந்தும் அளவான பாரம், ஆனால் தையல் விட்டால் ஒரு மணி போதும், மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போய்விடும். புளியங்கொட்டையும் அதே கதை. குன்றிமணியைப் பழைய விளையாட்டுச் சாமான்களில் பாவித்தார்கள் என்பதற்காக இன்றும் பாவிக்க முடியாது. அந்தச் சிவப்பு விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது, கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் எங்காவது ஒரு சிமிழுக்குள் கிடந்தால் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் அதை எடுத்து எறிந்துவிட்டு வாருங்கள்.

மிஞ்சுவது இரண்டு: இலவம்பஞ்சும் தையல்கடை வெட்டுத்துணியும். பஞ்சு தனியே அடைத்தால் பாரம் போதாது, மின்விசிறியை நிறுத்தாமல் தைக்க உட்கார்ந்தால் வீடு முழுக்கப் பறக்கும். வெட்டுத்துணிதான் சரி. கெட்டியான காற்சட்டைத் துணியில் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே வெட்டுத்துணியை இறுக்கி அடைத்தால், பயற்றுப் பொதியின் பாரம் வராவிட்டாலும் அதன் குணம் வரும். துணிப் பந்தும் இதுவும் அண்ணன் தம்பிதான். தையல் இயந்திரம் உள்ள வீட்டுக்கு இது, ஊசி நூல் மட்டும் உள்ள வீட்டுக்குச் சொக்ஸ்.

வேண்டாம் என்று சொல்லுகிற மூன்று

பலூன் மெதுவாகப் போகும், நோகாது, உருளாது. என் முதல் கேள்வியில் முழுப் புள்ளியும் எடுக்கும், இருந்தும் விலக்குகிறேன். வெடித்த துண்டு வாய்க்குள் போனால் தொண்டையில் தோலாய் ஒட்டி மூச்சை அடைக்கும், விரலை விட்டு எடுக்கப் போனால் இன்னும் உள்ளே போகும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஊதாத பலூனும் வெடித்த பலூனும் ஆபத்து என்று அமெரிக்காவில் பலூன் பைகளிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். பிறந்தநாள் முடிந்த இரவே எல்லாவற்றையும் அவிழ்த்து எறிந்துவிடுவது நல்லது.

அடுத்தது மின்னுகிற பந்து. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ வேறு திருவிழாவுக்கோ போனால் கடையில் தட்டினால் நிறம் நிறமாக மின்னும் சின்னப் பந்துகள் தொங்கும், பிள்ளை அதைக் கண்டால் நகராது. அநேகமானவற்றுக்குள் தெறி அளவு பற்றரிகள் இருக்கின்றன. பந்து பிளந்து பற்றரி வயிற்றுக்குள் போகும் வழியில் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த இடத்தைக் கருக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அழுகிற பிள்ளைக்குக் காற்றாடி வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

மூன்றாவது போத்தல் மூடி, சிரட்டைத் துண்டு, விறகுத் தடி, கல் என்று கையில் அகப்படுவது எல்லாம். இதற்குத் திரும்ப வருகிறேன்.

எதற்குள் எறிவது

வாளி எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் முதலில் அதை எடுக்கிறோம். வாய் குறுகல், விளிம்பு கெட்டி, எட்டிப் பார்க்கிற பிள்ளை நாடியை அடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, வாளியோடு விளையாடப் பழகிய பிள்ளைக்குக் கிணற்றடியில் நிற்கிற தண்ணீர் வாளியும் விளையாட்டுச் சாமான்தான். தலைகுப்புற விழுந்தால் கொஞ்சத் தண்ணீரே போதும், இந்த வயதில் தலைதான் பாரம், தானாக எழும்பி வர முடியாது. வாளியை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் முடிவு.

மட்டைப் பெட்டி நல்லது. கடைக்காரரிடம் பிஸ்கற் பெட்டி கேட்டால் தருவார். உள்ளே விழுந்தது தொம்மென்று சத்தம் போடும், அந்தச் சத்தம்தான் பிள்ளைக்குப் பரிசு. கம்பியும் ரேப்பும் பார்த்து எடுத்துவிட வேண்டும். ஆனால் இரண்டு நாளில் பிள்ளை அதற்குள் ஏறி இருந்துவிடும், பெட்டி பிளந்துவிடும். மாரியில் ஈரம் பிடித்துக் கரப்பானும் சேரும்.

கடகத்துக்கு ஈடு இல்லை. வாய் அகலம், ஆழம் குறைவு, ஓலைப் பின்னல் என்பதால் விழுந்தாலும் நோகாது. பிள்ளையே தூக்கிக்கொண்டு திரியலாம், விளையாடி முடிந்ததும் பந்துகளை அதற்குள்ளேயே போட்டு உயரத்தில் வைத்துவிடலாம். ஓலை பிரிந்து நீட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கடகத்தைக் குப்பை அள்ள விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். முதலில் பிள்ளையின் காலடியிலேயே வையுங்கள். எறிவதைவிடப் போடுவது மாதிரித்தான் இருக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் விழ வேண்டும், விழுந்தால்தான் திரும்ப எறியும். பிறகு ஒரு எட்டுத் தள்ளி, பிறகு இரண்டு எட்டு. இரண்டரை வயதில் கடகத்தைக் கதிரையின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

கையைத் தோளுக்கு மேல் தூக்கி ஓங்கி எறிகிற பிள்ளைக்குக் கடகம் போதாது, அதற்குப் பலம் காட்ட ஓர் இடம் வேண்டும். அறைக்குள் கொடி கட்டிப் பழைய சீலை ஒன்றைத் தொங்கவிட்டு அதில் எறியச் சொல்லுங்கள். சீலை பந்தை விழுங்கி அப்படியே கீழே விடும், திரும்பி வராது, சுவரும் அழுக்காகாது. சீலைக்குப் பின்னால் அக்கா ஒளிந்திருந்து "ஆ, பட்டிட்டுது" என்று கத்தினால் விளையாட்டு இரண்டு மடங்கு நீளும். கொடி பிள்ளையின் கழுத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் கயிற்றோடு கழற்றிவிட வேண்டும். வெறும் சோடாப் போத்தல்களை வரிசையாக நிறுத்தி விழுத்துவது மூன்று வயதுக்காரருக்குச் சரி. அதற்குக் கீழே உள்ளது எறியப் பொறுமையில்லாமல் போய்க் காலால் தட்டிவிடும், மூடியைக் கழற்றி வாய்க்குள் வைக்கும். மூடிகளை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை விறாந்தையைவிட உள்ளறை மேல். முன்கதவுக்கு முதுகு காட்டிப் பிள்ளை நிற்கும்படி கடகத்தை வைத்தால் எறிவது எல்லாம் வீட்டுக்குள் நோக்கியே போகும். இந்தச் சின்ன மாற்றம் எந்த விலையுயர்ந்த பந்தைவிடவும் காவல். மின்விசிறி நிலத்தில் நிற்கிறதென்றால் நிறுத்தி ஒதுக்க வேண்டும். சாமித்தட்டு விளக்கு, நுளம்புத்திரி, சுடுதண்ணீர்ப் போத்தல் மூன்றும் அந்த அறையில் இருக்கக் கூடாது. சீமெந்துக்கு மேல் பாய் விரித்தால் ஓடி வருகிற பிள்ளையோடு பாயும் சறுக்கும், வெறுந்தரையே நல்லது. காலில் சொக்ஸ் போட்டுக்கொண்டு வழுவழுப்பான தரையில் ஓடவிடவும் கூடாது.

வெளியில் கிடப்பதை எறிவது

இதை வன்னியில் எழுதாமல் விட முடியாது. காகத்தைத் துரத்தவும், குரங்கைக் கலைக்கவும், மாங்காய் விழுத்தவும் பெரியவர்கள் கல்லெடுத்து எறிவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது தானும் குனிந்து, மண்ணில் கிடப்பதை எடுத்து எறியும். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை வருடக்கணக்காக நடந்துவந்திருக்கிறது. வளவு துப்புரவாக்கும்போதும், கிணறு இறைக்கும்போதும், மழை மண்ணை அரித்த பிறகும் வெடிக்காத சாமான் வெளியே வந்த கதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை.

தெரியாத இரும்பைத் தொடாதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லலாம், இரண்டு வயதுக்குச் சொல்லி விளங்காது. அதற்கு விளங்கக்கூடியது ஒன்றுதான்: எறிகிற சாமான் கடகத்துக்குள் இருக்கும். கல்லை ஓங்கினால் கையைப் பிடித்து, "இது எறியிறேல்லை ராசா, வா, கடகத்தை எடுப்பம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை தடவை என்று எண்ணாமல் ஒவ்வொரு முறையும் அதையே செய்ய வேண்டும். பெரியவர்களும் பிள்ளையின் கண்முன்னே கல்லெடுப்பதைக் குறைக்க வேண்டும், காகத்துக்குக் கையைத் தட்டினாலே போதும். சந்தேகமான ஒன்று வளவில் கண்ணில் பட்டால் தொடாமல், தள்ளாமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விலக்கிவிட்டு 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஆளைப் பார்த்து எறிவதற்கும் இதே முறைதான். "எறியாதை" என்று கத்தினால் கையிலிருப்பது அந்தக் கணமே பறக்கும், உங்கள் முகம் மாறுவது அதற்கு ஒரு வேடிக்கை. "கடகத்துக்குள்ள போடு" என்றால் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். சோற்றை எறிந்தால் பெரும்பாலும் வயிறு நிறைந்துவிட்டது, கோப்பையை எடுத்துவிடலாம். அடித்தால் எறிவது நிற்காது, ஒளிந்து எறியப் பழகும்.

யார் பக்கத்தில் இருப்பது என்பதும் ஒரு தெரிவு. காலபோகத்தில் அப்பாவும் அம்மாவும் வயலில் நிற்கும்போது பிள்ளை அம்மம்மாவிடமோ பத்து வயது அண்ணனிடமோ இருக்கும். அம்மம்மா கதிரையில் இருந்தபடி பார்ப்பதென்றால் துணிப் பந்தும் கடகமும் மட்டும். அவவால் ஓடிப் பிடிக்க முடியாது, எனவே ஓட வேண்டிய விளையாட்டு வேண்டாம். அண்ணன் என்றால் எதுவுமே ஐந்து நிமிடத்தில் கிரிக்கெட்டாக மாறும். அவனுடைய ரெனிஸ் பந்துக்கு வேறு இடமும் வேறு நேரமும் ஒதுக்கிக் கொடுங்கள்.

எதையாவது விழுங்கி மூச்சு அடைத்தால், இருமுகிற பிள்ளையை இரும விடுங்கள். இரும முடியாமல், சத்தம் வராமல், முகம் நீலம் பாய்ந்தால் முன்னுக்குச் சரித்துப் பிடித்து இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தடவை அடிக்க வேண்டும். வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக ஐந்து தடவை அமத்த வேண்டும், மாறி மாறி. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அமத்தக் கூடாது, நெஞ்சின் நடுவில் அமத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். பக்கத்தில் உள்ள ஒருவர் 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். கிளினிக்குக்குப் போகிற நாளில் குடும்பநல மாதுவிடம் கேட்டால் செய்து காட்டுவார், ஒருமுறை கண்ணால் பார்ப்பது எழுத்தில் வாசிப்பதைவிட நல்லது.

பந்துகளைக் கிழமைக்கு ஒருதரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் போடுங்கள். சொக்ஸ் பந்து உள்ளே காயப் பிந்தும். மாரியில் இரண்டு சோடியாவது மாற்றி மாற்றிப் பாவிக்க இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததும் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், நூல் விட்டிருந்தால் தைத்த பிறகுதான் கடகத்துக்குள் போட வேண்டும்.